புந்தோங்கில் சட்டை அச்சடித்த ஞாயிறு

ஈப்போவுக்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர் புந்தோங் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. 1917-இல் கட்டி முடித்த அந்த வெள்ளை ரயில் நிலையத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பழைய நகரில் வெள்ளைக் காப்பி குடிப்பார்கள், சுவரோவியங்களைத் தேடி நடப்பார்கள், தாவ்கே கோழி சாப்பிடுவார்கள், சாயங்கால ரயிலைப் பிடித்துவிடுவார்கள்.

புந்தோங் அங்கிருந்து காரில் பத்து நிமிடம்தான். தமிழர்கள் நெருங்கி வாழும் இடம். கம்போங் கச்சாங் பூத்தே என்றே அங்கே ஒரு பகுதி இருக்கிறது. கடலை, முறுக்கு, ஓமப்பொடி எல்லாம் வீட்டிலேயே வறுத்துப் பொரித்து, வீட்டு வாசலிலேயே பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கவிட்டு விற்கிறார்கள். தைப்பூசத்தன்று குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடிகள் கிளம்புவதும் புந்தோங்கிலிருந்துதான். அதனால் தை மாதம் நெருங்கும்போது ஊரே ஒரு கல்யாண வீடு மாதிரி ஆகிவிடுகிறது. கடலை வாசத்தோடு பெயிண்ட் வாசமும் கலந்து வரும்.

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது நான் அங்கே போனேன். ஒரு தெரஸ் வீட்டின் கார் நிறுத்தும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் சொல்லித் தருகிறார்கள் என்று தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். ஒரு நாள் வகுப்பு, மத்தியானச் சாப்பாட்டோடு 120 ரிங்கிட். கேஎல் சென்ட்ரலில் விடிகாலை இடிஎஸ் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. கம்பாரைத் தாண்டியதும் சுண்ணாம்பு மலைகள் தெரிய ஆரம்பித்துவிடும்.

வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வேலியில் மரச் சட்டங்கள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு சட்டத்திலும் கொசுவலை போல மெல்லிய வெள்ளை வலை, மேளத் தோல் மாதிரி விறைப்பாக இழுத்து ஒட்டப்பட்டிருந்தது. கார் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு நீள மேசைகள், அவற்றின் மேல் பழைய போர்வை, அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பு. சொல்லித் தருபவர் ஐம்பது வயதைத் தாண்டிய அக்கா ஒருவர். வாரநாட்களில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். மூலையில் பிரம்பு நாற்காலியில், கட்டம் போட்ட கைலியோடு அவருடைய அப்பா. எல்லாருக்கும் தாத்தா.

இந்தத் தொழில் உண்மையில் தாத்தாவுடையது. பெயர்ப்பலகை எழுதப் போய், அங்கிருந்து துணி பேனருக்கும் சட்டைக்கும் வந்தவர். கோயில் திருவிழா, தோட்டத்துப் பந்து விளையாட்டுக் குழு, தேர்தல் என்று வருஷம் முழுக்க வேலை இருந்த காலம் அது. பெரிய டிஜிட்டல் பேனர் இயந்திரங்கள் வந்த பிறகு பட்டறை மெல்ல மெல்லச் சுருங்கியது. முதலில் வேலையாட்கள் போனார்கள், பிறகு கடை போனது, மிச்சச் சட்டங்கள் வீட்டு ஸ்டோர் ரூமுக்கு வந்தன. வீட்டில் கிடக்கிற சாமானை வைத்து யாருக்காவது சொல்லிக் கொடுப்போமே என்று அக்கா ஆரம்பித்ததுதான் இந்த வகுப்பு.

அன்றைக்கு வந்திருந்தவர்கள் எட்டுப் பேர். கம்பாரிலிருந்து வந்த இளம் கணக்காளர் ஒருவர். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரும் அவருடைய ஒன்பது வயது மகளும். புந்தோங்கிலேயே தண்ணீர்ப் பந்தல் போடுகிற இளைஞர் குழுவிலிருந்து நான்கு பையன்கள். அப்புறம் நான்.

பையன்களில் மூத்தவன் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தான். போன வருஷம் வெளியே ஒரு கடையில் கொடுத்து, அறுபது சட்டை அடித்து வாங்கியிருக்கிறார்கள். முன்பக்கம் ‘வெற்றி வேல்’ என்று இருக்க வேண்டும். ஆனால் ‘வெ’யின் ஒற்றைக்கொம்பும் ‘வே’யின் இரட்டைக்கொம்பும் வகரத்துக்குப் பின்னால் போய் நின்றிருந்தன. புள்ளிகள் எழுத்தின் தலையில் உட்காராமல் பக்கத்தில் தனியே மிதந்தன.

“கேட்டதுக்குக் கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வரும்னு சொல்லிட்டாங்க அக்கா. பூசத்துக்கு ரெண்டு நாள்தான் இருந்துச்சு. முன்பணமும் கட்டியாச்சு. தோள்ல துண்டைப் போட்டு மறைச்சுக்கிட்டு நின்னோம்” என்றான்.

இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. கல்யாண பேனரில், பள்ளி விளையாட்டுப் போட்டிச் சட்டையில், கடைப் பலகையில் என்று எங்கும் பார்க்கிறோம். காரணம் எளிமையானதுதான். ‘வே’ என்று நாம் தட்டினால், கணினி முதலில் வகரத்தையும் பிறகு கொம்பையும் என்ற வரிசையில் சேமித்து வைக்கிறது. காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் பொறுப்பு. அந்த வேலை தெரியாத பழைய வடிவமைப்பு மென்பொருளில் தமிழை ஒட்டினால், சேமித்த வரிசையிலேயே கொட்டிவிடும். தமிழ் படிக்கத் தெரியாதவர் அதைப் பார்த்தால் எதுவும் தவறாகத் தெரியாது. கைப்பேசியில் சரியாகத் தெரிகிற எழுத்தைப் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ மாற்றிக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிப் பாதி, நாமே அச்சடித்தால் தீரும். பையன்கள் அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

அக்கா உடனே மையைத் தொடவிடவில்லை. ஆளுக்கொரு காகிதமும் பிளேடும் கொடுத்தார். “உங்க பேர்ல வர்ற முதல் எழுத்தை வெட்டுங்க” என்றார். வெட்டிய ஓட்டை வழியாக மை இறங்கி, துணியில் எழுத்து விழும். அவ்வளவுதான் தத்துவம். ஐந்து நிமிடத்தில் எல்லாருக்கும் சிக்கல் புரிந்துவிட்டது. சுழி உள்ள எழுத்தை வெட்டினால் சுழிக்குள் இருக்கும் சின்னத் துண்டு பிடிப்பு இல்லாமல் கீழே விழுந்துவிடுகிறது. தாத்தா நாற்காலியிலிருந்தே சிரித்தார். “பேர்ல இல்லாட்டியும் பரவால்ல, மூணு சுழி ‘ண’ வெட்டிப் பாருங்க.”

லோரிக் கதவுகளில் தகட்டை வைத்து அடித்த எழுத்துகளைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு வளையமும் ஓரிடத்தில் அறுந்து, சின்னப் பாலம் ஒன்று உள்துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஜப்பானியர்கள் துணிக்குச் சாயமிட வெட்டும் காகித அச்சுகளில் இதே சிக்கலுக்குப் பட்டு நூலைக் குறுக்கே ஒட்டி வழி கண்டார்கள். நூல் துண்டைப் பிடித்துக்கொள்ளும். மையோ நூலைச் சுற்றி ஒழுகிச் சேர்ந்துவிடும். அந்த நூல்கள் பெருகி ஒரு வலையாகவே ஆகிவிட்டால் அதுதான் ஸ்கிரீன். 1907-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் பட்டுத் துணியை வலையாக வைத்து அச்சடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கு வலை பாலியெஸ்டர். இருந்தாலும் நம் ஊர்களில் இன்னும் ‘சில்க் ஸ்கிரீன்’ என்றுதான் சொல்கிறோம்.

ஆசிரியையின் மகள் ‘ண’வை வெட்டி, சுழிக்குள் விழுந்த துண்டுகளையும் துணிமேல் அதனதன் இடத்தில் வைத்தாள். அக்கா சட்டத்தை மெதுவாக அதன்மேல் இறக்கினார். ஒரு கரண்டி நீல மை. மரப்பிடியில் ரப்பர் பட்டை பொருத்திய ஸ்குவீஜியால் ஓர் இழுப்பு. சட்டத்தைத் தூக்கினால் காகிதமும் அதற்குள் இருந்த துண்டுகளும் மையின் பசையில் வலையோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டன. துணியில் பாலம் எதுவுமில்லாத முழு ‘ண’. அந்தப் பிள்ளை அதே காகிதத்தில் பழைய போர்வைமேல் பதினேழு ‘ண’ அடித்தாள். இருபதுக்குப் பக்கம் போகும்போது காகிதம் ஊறிக் கிழிய ஆரம்பித்தது. பிள்ளைகளோடு வீட்டில் செய்து பார்க்க இந்த முறையே போதும். மருந்து எதுவும் வேண்டாம்.

இன்னொரு நல்ல விஷயம், இதில் எதையும் திருப்பி எழுத வேண்டியதில்லை. மரக்கட்டை அச்சு என்றால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். ஸ்கிரீனில் நீங்கள் எழுதியது எழுதியபடியே இறங்கும். தமிழ் எழுத்துக்கு இது பெரிய சௌகரியம்.

அறுபது சட்டைக்குக் காகிதம் தாங்காது. அதற்குத்தான் எமல்ஷன். ஒளி பட்டால் இறுகிவிடும் ஒருவகைப் பசை அது. அதை வலைமேல் மெல்லிசாகப் பூசி, இருட்டில் காயவைக்க வேண்டும். அக்கா முந்தின இரவே இரண்டு பெரிய சட்டங்களைப் பூசி ஸ்டோர் ரூமில் வைத்திருந்தார். அங்கே மஞ்சள் பல்பு மட்டும்தான். கண்ணாடித் தாளில் கறுப்பாக அச்சிட்ட வாசகத்தைப் பூசிய வலைமேல் வைத்து, மேலே ஒரு கண்ணாடி அழுத்தி, வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடம் இறுகும். கறுப்பு மறைத்த இடம் இறுகாமல் கிடக்கும். தண்ணீரைப் பீய்ச்சினால் இறுகாதது கரைந்து ஓடிவிடும். எழுத்து வலையில் திறந்துகொள்ளும்.

பதினொரு மணி வெயிலில் பையன்களின் முதல் சட்டம் வாசலுக்குப் போனது. அதில் ‘தண்ணீர் பந்தல்’ என்று பெரிய எழுத்து. அதன் கீழே சின்னதாகக் குழுவின் பெயரும் ஊரும். குளியலறையில் கழுவும்போது நான்கு தலைகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தன. மங்கிய பச்சைப் பூச்சுக்குள் ‘ண’வின் சுழி திறந்ததும் ஒருவன் விசிலே அடித்துவிட்டான்.

சட்டம் காய்ந்ததும் பழைய போர்வையில் சோதனை. இங்கேதான் அக்கா நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். வலை துணியைத் தொட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. ஓரத்தில் இரண்டு ஐம்பது காசு கனத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும். ரப்பர் அழுத்துகிற இடத்தில் மட்டும் தொட்டு உடனே விலக வேண்டும். ஸ்குவீஜியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். பையன்களில் பலசாலியாக இருந்தவன் முழு பலத்தையும் போட்டு இரண்டு முறை இழுத்தான். மை பரவி, கொம்பும் சுழியும் இருந்த இடமெல்லாம் மூடிப்போய்க் கறுப்புக் கட்டியாகிவிட்டது. “மாவு பிசையிற மாதிரி இல்ல தம்பி, சுவத்துல சுண்ணாம்பு வழிக்கிற மாதிரி” என்றார் தாத்தா.

அடுத்தவன் சரியாகவே இழுத்தான். பெரிய எழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி விழுந்தது. கீழே இருந்த சின்ன வரியில் மட்டும் ஒரு புள்ளியைக்கூடக் காணோம்.

காரணம் வலையில் இருக்கிறது. துணிக்குப் பெரும்பாலும் 43டி வலைதான் போடுகிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 43 நூல். அதாவது நூலுக்கு நூல் கால் மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. மூன்று மில்லிமீட்டர் உயர எழுத்தின் தலையிலிருக்கும் புள்ளி, ஒன்றிரண்டு நூல் குறுக்கே வந்தாலே அடைபட்டுப் போகும். இன்னும் நெருக்கமான வலை இருக்கிறது, காகிதத்துக்கும் நுணுக்கப் படத்துக்கும். ஆனால் அதில் துணிக்குத் தேவையான அளவு மை இறங்காது. ஆங்கில எழுத்தில் ஒரு புள்ளி போனால் ‘ஐ’ தலையில்லாமல் நிற்கும், படித்துவிடலாம். தமிழில் புள்ளி போனால் மெய்யெழுத்தே உயிர்மெய்யாகிவிடுகிறது. ‘பந்தல்’ ‘பநதல’ ஆகிவிடும். தமிழில் சட்டை அடிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது புள்ளியைத்தான் என்று அக்கா சொன்னது, அன்றைக்கு நான் கேட்டதிலேயே உருப்படியான பாடம்.

அதற்குள் ஆசிரியை போர்வையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, ‘தண்ணீர்’க்கும் ‘பந்தல்’க்கும் நடுவுல ஒரு ‘ப்’ வரணும்.”

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “டீச்சர், எல்லா பந்தல்லயும் இப்படித்தான் எழுதியிருக்கு.”

“எல்லாரும் எழுதினா சரியாயிடுமா?”

அக்கா என்னைக் காட்டி, “ரேடியோவுல பேசுறவங்க இருக்காங்களே, படிச்சுக் காட்டச் சொல்லுவோம்” என்றார். எங்கள் வேலையில் எழுத்து கண்ணில் படாது. ஒற்று போட்டாலும் போடாவிட்டாலும் கேட்கிறவர்களுக்குத் தெரியாது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் காதுக்கு அது நன்றாகவே தெரியும். நான் சேர்த்து, இயல்பாகச் சொன்னேன். பிறகு அவர்களையே சொல்லச் சொன்னேன். நான்கு பேரும் சொன்னதில் ‘ப்’ தானாகவே அழுத்தமாக விழுந்தது. வாய் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, எழுதும்போது கை விட்டிருந்தது.

சின்னவன் மணியைப் பார்த்தான். “இப்பவே பன்னிரண்டரை. யாரு அக்கா இதெல்லாம் பார்க்கப்போறாங்க? தண்ணி குடிக்க வர்றவங்க தண்ணி குடிச்சிட்டுப் போவாங்க.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சட்டத்தில் ஓர் எழுத்தைப் பிறகு சேர்க்க முடியாது. புதிதாகப் படம் வேண்டும், வேறு பூசிய சட்டம் வேண்டும், வெயில் வேண்டும். மற்றவர்கள் தீர்மானிக்காமல் நின்றார்கள். மூத்தவன் மட்டும் போன வருஷச் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, “இன்னொரு தடவை துண்டைப் போட்டு மறைக்க முடியாதுடா” என்றான். புள்ளிக்காக எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பச் செய்வது என்று முடிவானது.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சு துணியைச் சுற்றியே போனது. ஆசிரியை பாத்தேக் சட்டை அணிந்திருந்தார். அதன் விளிம்பைத் திருப்பிக் காட்டச் சொன்னார் அக்கா. மெழுகு வைத்துச் சாயமிட்ட துணியென்றால் சாயம் இருபக்கமும் ஒரேபோல ஊறியிருக்கும். மெழுகு விரிந்த இடத்தில் மயிரிழைபோல் கோடுகள் தெரியும். ஸ்கிரீனில் அடித்ததென்றால் பின்பக்கம் வெளுத்திருக்கும். ஆசிரியையின் சட்டை வெளுத்திருந்தது. சந்தையில் மலிவு விலைக்குக் கிடைக்கும் பாத்தேக்கில் நிறைய ஸ்கிரீனில் அடித்ததுதான். அது மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். வேறு வேலை, வேறு விலை. அதை மெழுகு வேலை என்று சொல்லி விற்காதவரை யாருக்கும் நஷ்டமில்லை.

தாத்தாவின் கைலிக்கும் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கட்டம் போட்ட துணியை மலாய்க்காரர்கள் ‘காயின் பெலிக்காட்’ என்கிறார்கள். பெலிக்காட் என்பது புலிக்காட், அதாவது நம் பழவேற்காடு. சோழமண்டலக் கரையிலிருந்து துணி கப்பலேறி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்ததை, 1500-களின் தொடக்கத்தில் மலாக்காவில் இருந்த போர்த்துகீசியர் தோமே பீரிஸ் தன் குறிப்புகளிலேயே எழுதிவைத்திருக்கிறார். ஒரு துறைமுகத்தின் பெயர் ஒரு துணியின் பெயராகி, இன்றும் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் வாசல்களில் நடமாடிக்கொண்டிருக்கிறது. தாத்தாவுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. “துணின்னா ஊர் விட்டு ஊர் போகத்தானே செய்யும்” என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

மூன்று மணிக்கு மேகம் கூடிவிட்டது. ஈப்போவின் பிற்பகல் மழை தெரிந்ததுதானே. அக்கா வீட்டில் புறஊதா விளக்கு இல்லை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வீட்டிலும் அது இருக்காது, வெயிலிலேயே பழகட்டும் என்று வாங்காமல் வைத்திருக்கிறார். அச்சுப்பொறியும் அன்றைக்குப் பார்த்து மையில்லாமல் நின்றுகொண்டது.

தாத்தா எழுந்தார். டிரேசிங் பேப்பர், கறுப்பு மை, தட்டைத் தூரிகை. பென்சிலில் இரண்டு கோடு இழுத்துக்கொண்டார். ‘த’வில் ஆரம்பித்தார். பெயர்ப்பலகை எழுதுகிறவர்களின் கை எழுத்தைக் கோடாகப் பார்ப்பதில்லை, தடிப்பும் மெலிவுமாகப் பார்க்கிறது. ‘ண்ணீ’ இரண்டு மூச்சில் முடிந்தது. ‘ர்’ வந்தது. அடுத்து ‘ப்’. ஆசிரியையைத் திரும்பிப் பார்த்துவிட்டு அதன் தலையில் புள்ளி வைத்தார், பச்சைப்பயறு அளவுக்கு. ஐந்து மெய், ஐந்து புள்ளி. கீழ் வரியைச் சின்னதாக எழுத மறுத்துவிட்டார். “குழுப்பேரு தெரியணும்னா பெருசாப் போடு, இல்லன்னா விட்டுடு.” பெரிதாகவே போட்டார்கள்.

பிறகுதான் உண்மையான கைவேலை. மேகத்துக்குள்ளிருந்தும் புறஊதா ஒளி வந்துகொண்டுதான் இருக்கும், நேரம் மட்டும் கூடும். எவ்வளவு கூடும் என்பதுதான் கேள்வி. குறைந்தால் பூச்சு மொத்தமும் கரைந்து ஓடும். கூடினால் எழுத்து திறக்கவே திறக்காது. தாத்தா ஒரு சின்னப் பூசிய துண்டை எடுத்து, அட்டையால் மறைத்து, பட்டை பட்டையாக நான்கு, ஆறு, எட்டு நிமிடம் காட்டிக் கழுவிப் பார்த்தார். ஆறு சரி என்றது துண்டு. வானத்தைப் பார்த்தவர், “இன்னும் இருட்டியிருக்கு, ஏழு வை” என்றார். தாள் கண்ணாடி அளவுக்குத் தெளிவில்லை என்பதையும் அதில் சேர்த்துக்கொண்டார். ஏழு நிமிடம் பையன்கள் யாரும் பேசவில்லை. சட்டத்தை உள்ளே தூக்கி வந்து கழுவிக்கொண்டிருக்கும்போதே கூரைமேல் மழை விழ ஆரம்பித்தது. ஐந்து புள்ளிகளும் திறந்தன.

பூச்சைக் காயவைக்கும்போது தொல்லையாக இருக்கிற நம் ஊர் ஈரக்காற்று, அச்சடிக்கும்போது உதவிக்கு வருகிறது. நீரில் கரையும் மை காய்ந்துவிட்டால் வலை அடைபட்டுப் போகும். மழை நேரத்தில் அது மெதுவாகத்தான் காயும். அக்கா முதலில் செய்தது காற்றாடியை நிறுத்தியதுதான். வீட்டில் செய்கிறவர்கள் இதை மறக்க வேண்டாம்: அச்சடித்து முடித்த கையோடு சட்டத்தைக் கழுவிவிட வேண்டும், போனில் பேசிவிட்டு வந்து கழுவலாம் என்றால் சட்டம் போய்விடும். மிச்ச மையை வழித்து டப்பாவில் போடுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பையன்கள் முதலில் கேட்டது கறுப்பு நிற மைக்ரோஃபைபர் சட்டை, மஞ்சள் எழுத்து. அக்கா இரண்டையும் மறுத்திருந்தார். சாதாரண நீர் மை கறுப்புத் துணியில் மறைந்துவிடும். ஒளி ஊடுருவாத தனி மை வேண்டும், அது புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கஷ்டம். மையை நிலைக்க வைக்க நல்ல சூடு தேவை, பாலியெஸ்டர் அதைத் தாங்காது. அதனால் மஞ்சள் பருத்திச் சட்டை, குங்கும நிற மை. சட்டைகளை முன்பே ஒருமுறை துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிட்டு வரச் சொல்லியிருந்தார். வெயிலில் நின்று மோர் ஊற்றப்போகிறவர்களுக்குக் கறுப்பு பாலியெஸ்டர் எதற்கு என்பது என் தனிப்பட்ட கருத்து.

கம்பார் கணக்காளர் கேட்க வேண்டியதைக் கேட்டார்: இதில் காசு பார்க்க முடியுமா? அக்கா மழுப்பவில்லை. ஆரம்பச் சாமான்கள், ஒரு சட்டம், ஒரு ஸ்குவீஜி, சின்ன டப்பா எமல்ஷன், இரண்டு மூன்று மை, இவையெல்லாம் தன் கணக்குப்படி இருநூறு ரிங்கிட்டுக்குள் அடங்கும் என்றார். ஆனால் ஒரே ஒரு சட்டைக்கு இது வீண் வேலை. புகைப்படம் போட வேண்டுமென்றாலும் கடைக்குப் போய்விடுங்கள். ஆயிரம் சட்டை என்றால் இயந்திரம்தான். பத்திலிருந்து நூறு வரை, ஒரு நிறமோ இரண்டு நிறமோ, குடும்ப ஒன்றுகூடல், பள்ளி விழா, கோயில் குழு, அங்கேதான் கைக்கு இடம் இருக்கிறது. “என் அப்பா இதுல நாலு பிள்ளைகளப் படிக்க வச்சாரு. நான் இதுல கரண்ட் பில்லு கட்டுறேன். அவ்வளவுதான்” என்றார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இவ்வளவு நேரான பதிலை நான் கேட்டதில்லை.

ஐந்து மணிக்கு முதல் மஞ்சள் சட்டைக்குள் அட்டை நுழைந்தது. முதுகுப் பக்கம் மேலே. மூத்தவன் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, காலையில் சுழிகளை மூடிய அதே பலசாலி இழுத்தான், சாய்வாக, ஒரே இழுப்பு. சட்டத்தைத் தூக்கியபோது முதலில் குனிந்து பார்த்தது ஆசிரியைதான். ஒவ்வொரு புள்ளியாக விரலைக் காற்றில் வைத்து எண்ணினார். “ம்” என்றார்.

இருட்டுவதற்குள் பதினொரு சட்டை முடிந்தது. மீதியை அடுத்த ஞாயிறு வந்து முடிக்கப் போகிறார்கள்; முன்பக்க ‘வெற்றி வேல்’ அப்போதுதான். அதையும் தாத்தாவே எழுதித் தருகிறார். சட்டைகள் கூரைக்குள் கயிற்றில் தொங்கின. காய்ந்தாலும் வேலை முடியாது. மை துணியில் நிலைக்கச் சூடு ஏற வேண்டும், 150 டிகிரி அளவுக்கு. வீட்டில் இஸ்திரிப் பெட்டியைப் பருத்திக்கு வைத்து, எழுத்தின் மேல் பேக்கிங் பேப்பர் போட்டு, நீராவி இல்லாமல், ஒவ்வொரு இடத்திலும் மூன்று நான்கு நிமிடம் நகர்த்தி நகர்த்தித் தேய்க்க வேண்டும். மை டப்பாவில் எழுதியிருக்கிற கணக்கே கடைசிக் கணக்கு. சில நாள் கழித்துத்தான் முதல் துவைப்பு, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி.

அறுபது சட்டை தேய்க்க ஒரு பெட்டி போதாது என்பது சின்னவனுக்குத்தான் முதலில் உறைத்தது. அங்கேயே நின்று குழுவிலிருக்கும் ஒவ்வொருவருக்கும் குரல் செய்தி அனுப்ப ஆரம்பித்தான். ஆளுக்கு ஒரு சட்டை, அவரவர் வீட்டில், அவரவர் அம்மாவிடம் கேட்டு. மூன்றாவது ஆளுக்கு அனுப்பும்போது, “நம்ம தண்ணீர்ப் பந்தல் சட்டை இருக்குல்ல...” என்று ஆரம்பித்தவன், நிறுத்தி, ஆசிரியை பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மேலே பேசினான்.